சுவர் பக்கம் திரும்பி நில்

நான் வேலை பார்த்த விடுதியில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டத்தைத்தான் வாய்விட்டுச் சொன்னார்கள். தங்கியிருப்பவர்கள் வராந்தாவில் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். காலடிச் சத்தம் கடந்து போன பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பலாம். அங்கே இருந்தவர்கள் ஒரு நாள் இரண்டு நாள் வந்து போகிறவர்கள் இல்லை. வருஷக்கணக்காக அறையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற பெரிய மனிதர்கள். அவர்கள் கண்ணில் நாங்கள் படக் கூடாதாம், ஆனால் படுக்கை மட்டும் விரிந்திருக்க வேண்டுமாம். பேய் வந்து விரித்துவிட்டுப் போனால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அந்தச் சட்டத்திலும் மேடு பள்ளம் உண்டு. குழாய் பழுது பார்க்கும் ஆண்கள் தலையைக் குனிந்தால் போதும். வாசல் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண் திரும்பவே வேண்டாம், சிரித்தால் போதும். அவள் வெளுப்பு. ஒரு தடவை எங்கள் கூட்டத்திலும் வெளுப்பாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். விரிப்பு மாற்றக் கற்றுக்கொள்வதற்குள் அவளையும் வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். முழுசாகத் திரும்ப வேண்டியவர்கள் கறுப்பாகவும் பெண்ணாகவும் கையில் துடைப்பத்தோடும் இருக்கிற நாங்கள் மட்டும்தான். மூன்று பொருத்தமும் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

என் தங்கை அங்கே வேலைக்கு வந்தபோது, அவள் இந்தச் சட்டத்துக்குத் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். அவள் அப்படி ஒரு வாயாடி. அவள் இருக்கிற வீட்டில் ரேடியோ தேவையில்லை. அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்த அவள் மகளும் அம்மா மாதிரியே நிறுத்தாமல் பேசும்.

எங்களில் பழையவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. திரும்பி நிற்கும்போது ஒரு தலையணை உறையை மடித்து முகத்துக்கும் சுவருக்கும் நடுவே பிடித்துக்கொள்வோம். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. சுவரில் நெற்றி படக் கூடாது, அவ்வளவுதான். அந்த வராந்தா முழுக்க முகம் உயரத்தில் திட்டுத் திட்டாகக் கறை இருக்கும். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். சுண்ணாம்பு மட்டமா, சுவர் மட்டமா என்று வெள்ளையடிக்கிறவர் புலம்பிவிட்டுப் போவார்.

தங்கைக்கு உறையெல்லாம் ஒத்துவரவில்லை.

"நெத்தியச் சாச்சா சில்லுனு இருக்குக்கா. நாள் பூரா எனக்கு அது ஒண்ணுதான் ஓய்வு."

"சாய்க்காதடி. உறையக் குறுக்க வச்சுக்கோ."

"ஏன், சுவர் கடிச்சிருமா?"

கொஞ்ச நாளில் அவளே வந்து காதோடு சொன்னாள். "அக்கா, உள்ளேருந்து யாரோ மூச்சு விடறாங்க."

பசி மயக்கம் என்று சிரித்துவிட்டு, அவள் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். சுவர் கதகதப்பாக இருந்தது. கையை எடுத்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது.

பிறகு வீட்டிலும் அவள் சுவர் பக்கம் திரும்ப ஆரம்பித்தாள். தெருவில் யாராவது செருப்புச் சத்தத்தோடு போனால் போதும், கையில் கரண்டியோடு சுவரைப் பார்த்து நின்றுவிடுவாள். பேச்சு குறைந்தது. ஒரு மாலை அவளுக்குத் தலை வாரிவிட்டு, முகத்தை என் பக்கம் திருப்பினேன். தேய்ந்த சோப்பில் எழுத்து மங்குகிற மாதிரி அவள் மூக்கும் புருவமும் மங்கியிருந்தன. வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைப் போட்டேன். விளக்கில் இன்னும் மோசமாகத் தெரிந்தது.

குழந்தை அவள் மடியில்தான் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டது: "பெரியம்மா, அம்மா எப்ப வரும்?"

இனிமேல் வேலைக்கு வராதே என்று தங்கையிடம் கண்டித்துச் சொன்னேன். தலையாட்டினாள். காலையில் நான் போவதற்கு முன்னால் விடுதியின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "கால் தானாப் போகுதுக்கா," என்றாள்.

அந்தப் பின்வாசலில்தான் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். மூலையில் யாரும் எடுக்காத செருப்புகள் தூசி படிந்து கிடந்தன. எங்களை மேய்க்கிறவர் எப்போதும் சாவியை ஆட்டிக்கொண்டே வருவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. அந்தச் செருப்பெல்லாம் யாருடையது என்று அவரிடம் கேட்டேன்.

"முன்னாடி இருந்தவங்களோடது. வேலைய விட்டுப் போயிட்டாங்க."

"செருப்ப விட்டுட்டா?"

அவர் சாவியை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அன்று மத்தியானம் தங்கியிருப்பவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். சாவி குலுங்கியது. நாங்கள் வரிசையாகத் திரும்பி நின்றோம். காலடிகள் போயின. எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினோம். தங்கை மட்டும் திரும்பவில்லை.

தோளைத் தொட்டேன். அசையவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் காதுவரைக்கும் சுண்ணாம்புக்குள் இருந்தன. இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். நான் இழுக்க இழுக்க அவள் உள்ளேதான் போனாள். மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அதற்குள் சாவி மறுபடியும் குலுங்கியது. சாப்பிட்டு முடித்து அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். என்னைத் தவிர எல்லோரும் பழக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள்.

"திரும்பு! திரும்பித் தொலை!" என்று சாவிக்கொத்து பல்லைக் கடித்தார்.

நான் திரும்பவில்லை. நடு வராந்தாவில் போய் அவர்களுக்கு நேராக நின்றேன். முன்னால் வந்தவர் மூலை அறையில் தங்கியிருக்கிற பெரியவர். வழியில் யாரோ ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போன மாதிரி என்னைப் பார்த்தார்.

"யார் இது?" என்று சாவிக்கொத்தைக் கேட்டார்.

"என்னைக் கேளுங்க," என்றேன். "உங்க படுக்கைய இத்தனை வருஷமா விரிக்கிறவ நான்தான். அங்க சுவத்துக்குள்ள போய்க்கிட்டிருக்கறவ என் கூடப்பிறந்தவ." அவர் வாயைத் திறப்பதற்குள் என் ஆட்களைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்கடி! என்ன செஞ்சிருவாங்க, பாத்துரலாம்!"

முதலில் ஒருத்தி திரும்பினாள். அப்புறம் அடுத்தவள். கடைசிப் பெண்ணும் திரும்பியபோது சுவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. தங்கை வெளியே வந்தாள். அவள் மட்டும் இல்லை. கறை இருந்த இடத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள், வராந்தாவின் அந்தக் கோடிவரைக்கும். எல்லோருக்கும் ஒரே உடுப்பு. எல்லோருக்கும் வெள்ளையாக, மழமழவென்று, ஒன்றுமே இல்லாத முகம். அவர்கள் மெதுவாக ஒருவரோடு ஒருவர் கலந்து நின்றார்கள். நான் ஒரு நொடி கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். என் தங்கை எது என்று எனக்குத் தெரியவில்லை.

"இதுல உன் தங்கச்சி எவ?" சாவிக்கொத்துக்கு நாக்கு குழறியது. "எனக்கு நீங்க எல்லாருமே ஒண்ணாத்தான் தெரியறீங்க."

வேறொரு நாளாக இருந்தால் அதற்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கூடப்பிறந்தவளை என்னாலேயே அடையாளம் சொல்ல முடியவில்லை. ஓவென்று அழுதேன். அழுகையோடு ஆத்திரமும் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள் மேலேயே காட்டினேன்.

"அடியே வாயாடி! உன் பொண்ணு அம்மா எங்கன்னு கேக்குது. நீ ஒண்ணும் வர வேண்டாம். நானே வளத்துக்கறேன். என்னையே அம்மான்னு கூப்பிடட்டும். நீ இங்கேயே கிட!"

கூட்டத்தின் நடுவே ஒரு வெள்ளை முகம் சட்டென்று நிமிர்ந்தது. அதில் முதலில் இரண்டு புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்தது. பிறகு மூக்கு விடைத்தது. சுண்ணாம்பைக் கிழித்துக்கொண்டு வாய் திறந்தது.

"என் பிள்ளை எதுக்குடி உன்னை அம்மான்னு கூப்பிடணும்?"

பிறந்ததிலிருந்து அவள் என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வசவையும் வாங்கிக்கொண்டதும் இல்லை.

அதைக் கேட்டுச் சுவரிலிருந்து வந்த மற்றவர்களுக்கும் கோபம் வந்தது. யார் யாருக்கு யார் மேல் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது. ஒருத்திக்குக் கோணல் மூக்கு, ஒருத்திக்கு உதட்டில் தழும்பு, ஒருத்திக்குத் தாடையில் மச்சம். ஒருத்தி மாதிரி இன்னொருத்தி இல்லை. கடைசியில் கண்கள் வந்தன. அத்தனை கண்களும் அந்தப் பெரிய மனிதர்களைப் பார்த்தன.

மூலை அறைப் பெரியவருக்கு வியர்த்துக் கொட்டியது. பின்னால் போக வழியில்லை. அவர் மெல்ல மெல்லச் சுவர் பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்து அவர் பின்னால் நின்றவர்களும் திரும்பினார்கள். சுவர் அவரை நோக்கிக் கொஞ்சம் முன்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். போகட்டும் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். உள்ளே போய்க் கிடக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள்.

தங்கைதான் போனாள். சுண்ணாம்பு படிந்த கையால் அவர் தாடையைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் வேண்டாங்க. உள்ள மூச்சு முட்டும்," என்றாள். "இங்க பாருங்க. ஒவ்வொருத்தியாப் பாருங்க."

அவர் பார்த்தார். எல்லோரையும் பார்த்து முடிக்கிறவரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.