சிவப்புப் பேனாவும் எனிமா கேனும்

ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருப்பவர் யாரென்று பார்த்ததும் நர்ஸுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நியாயமாகப் பார்த்தால் வயிறு கலங்க வேண்டியது அவளுக்கல்ல, அவருக்குத்தான். ஆறு நாளாய்க் கலங்காததால்தான் டாக்டர் எனிமா எழுதியிருந்தார். இடுப்புப் பிடிப்புக்கு விழுங்கிய வலி மாத்திரைகள் செய்த வேலை அது.

ஊரில் வண்டி ஓட்டப் படித்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். டிரைவிங் டெஸ்ட் வைக்கும் இன்ஸ்பெக்டர். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, 'சிவப்புப் பேனா' என்றால்தான் ஆள் விளங்கும். பக்கத்து சீட்டில் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பார். வாயே திறக்கமாட்டார். திடீரென்று பேனா காகிதத்தைக் கீறும் சத்தம் மட்டும் கேட்கும். என்ன தப்பு நடந்ததென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. நர்ஸை அவர் மூன்று முறை பெயிலாக்கியிருந்தார், மூன்று முறையும் ரிவர்ஸில். அந்தக் கீறல் கேட்டதும் அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பாள், வண்டி போய்க் கம்பத்தை முத்தமிடும்.

லைசென்ஸ் அவளுக்கு வெறும் அட்டை இல்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. பகலில் மட்டும்தான் டியூட்டி. மகள் பள்ளி விட்டு வரும்போது கதவைத் திறக்க அம்மா இருப்பாள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நாலாவது டெஸ்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இந்தக் கதையெல்லாம் தெரிந்த ஹெட் நர்ஸ், டிரேயை அவள் கையில் கொடுத்து, அப்படியே ஒரு வார்த்தை அவர் காதில் போட்டுவை என்று கண்ணடித்தாள்.

அவரும் அவளை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க..." என்று ஆரம்பித்தவர், டிரேயில் கிடந்த ட்யூபைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

வேலை என்று வந்துவிட்டால் அவள் குறை வைக்கிறவள் இல்லை. டாக்டர் எழுதியதை இன்னொரு தரம் படித்தாள். வயிற்றில் கடும் வலி, வாந்தி, ரத்தப்போக்கு, குடலில் ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று கேட்டாள். எதுவும் இல்லை. ஆண் நர்ஸ்தான் வேண்டுமென்றால் மதியம் வருவார் என்றாள். ஆறு நாள் காத்திருந்தது போதும் என்றார் அவர். திரையை இழுத்து மூடி, ரப்பர் ஷீட்டை விரித்து, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து வலது முழங்காலை மடக்கச் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

அதோடு வாயை மூடிக்கொண்டாள். வேண்டுமென்றேதான். மூன்று முறை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாரே, கொஞ்சம் அவரும் அனுபவிக்கட்டும் என்று மனசு கறுவியது. எனிமா கேனில் நிரப்பிய வெதுவெதுப்பான தண்ணீரை முன்கையில் விட்டுச் சூடு பார்த்தாள். ட்யூபில் இருந்த காற்று போகட்டும் என்று கொஞ்சம் தண்ணீரைக் கிண்ணத்தில் ஓடவிட்டு கிளிப்பை மூடினாள். 'டக்' என்றது. அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு தூக்கிப்போட்டது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். மூன்று முறை ஸ்டியரிங்கில் அவள் கை அப்படித்தான் இருந்தது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. நோயாளி உடம்பை இறுக்கிக்கொண்டிருக்கும்போது ட்யூபை நுழைத்தால் காயம் படும் என்று படித்தவள், தானே நின்று அவரை இறுக வைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், இனிமே ஒவ்வொண்ணையும் சொல்லிட்டுத்தான் செய்வேன். நிறுத்துன்னா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். இப்ப முதுகுல கை வைக்கப் போறேன்."

அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. ஜெல்லி தடவியிருக்கிறேன், சில்லென்று இருக்கும் என்றாள். வாயால் மூச்சு விடுங்கள் என்றாள். ட்யூப் தொப்புளைப் பார்த்து மூன்று நான்கு அங்குலம்தான் போகும், எங்காவது தடுத்தால் தள்ளமாட்டேன் என்றாள். எங்கும் தடுக்கவில்லை. கேனைப் படுக்கையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் அவள் தூக்கவில்லை. தூக்கினால் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் பாதியில் அவர் நிறுத்தச் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் கிளிப் மூடியது. வலி அடங்கட்டும், அவசரமில்லை என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, பச்சை விளக்கு விழுந்த மாதிரி, போகலாம் என்று அவரே சொன்னார்.

ட்யூபை வெளியே எடுப்பதையும் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள். பத்து நிமிஷம் அடக்கிப் பாருங்கள், முடியாவிட்டால் அழுத்துங்கள் என்று மணியைக் கையில் கொடுத்து, கமோடு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். நாலாவது நிமிஷமே மணி அலறியது. அவள் கைத்தாங்கலாக உட்காரவைத்தாள். மேற்கொண்டு நடந்ததை விவரிக்க வேண்டாம். வார்டே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

எல்லாம் முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாம படுத்திருந்தேன் பாருங்க, முதல்ல உயிரே போயிடுச்சு சிஸ்டர்."

"தெரியும் சார்" என்றாள்.

லைசென்ஸ் பேச்சை எடுக்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இந்தக் கோலத்தில் இருக்கும் மனிதரிடம் எதையும் கேட்பது முறையில்லை என்று தோன்றியது. டிரேயை எடுத்துக்கொண்டு நடந்தாள். விஷயம் கேள்விப்பட்ட ஹெட் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, டெஸ்ட் மைதானத்தில், அவர் இடுப்பைப் பிடித்தபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வழக்கம்போல் பேச்சில்லை. நேராக ஓட்டினாள், திரும்பினாள், சரியாக நிறுத்தினாள். கடைசியில் ரிவர்ஸ் வந்தது. கண்ணாடியில் இரண்டு கம்பங்களும் தெரிந்தன. மகள் கதவுக்கு வெளியே பையோடு நிற்பது நினைவுக்கு வந்தது. ஸ்டியரிங்கில் விரல்கள் வெளுக்க ஆரம்பித்தன.

அவர் அந்த விரல்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிஸ்டர், இப்ப நான் பேனாவ எடுக்கப் போறேன். தேதி எழுதத்தான். நீங்க வாயால மூச்சு விடுங்க."

பேனா கீறியது. நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வாயால் மூச்சு விட்டாள். வண்டி மெதுவாகப் பின்னால் போய், இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் நின்றது.