பெயர் விடுபட்ட வெள்ளிக்கிழமை

களனியாறு மலைமண் கரைத்துச் செந்நீராய்ச் சுழித்தோட, விடியலிற் கீறப்பட்ட இரப்பர் மரங்கள் பால் வடித்து ஓய்ந்து நிற்க, சுமை இறக்கிய மாடுகள் வண்டி நிழலில் அசைபோட, இலங்கையின் ருவான்வெல்லைக் கடைத்தெருவின்மீது ஐப்பசித் திங்களின் வெள்ளிக்கிழமை நண்பகல் ஈரத்துணிபோற் கவிந்து கிடந்தது. துருக்கி அரசு செருமானியரோடு கைகோத்து ஆங்கிலேயர்மேற் போர் தொடுத்துவிட்டதென்னும் செய்தி அவ்வூரை எட்டி மூன்று நாள் ஆகியிருந்தது.

அறிவார்ந்த நண்பரே, அரபு மொழியில் ஓதப்பெறும் வெள்ளிக்கிழமை உரையின் இறுதியில், மரவாள் ஊன்றி நிற்கும் கதீப் முஸ்லிம்களின் தலைவராகக் கருதப்பட்ட துருக்கி மன்னரின் பெயர் சொல்லித் துஆ என்னும் வேண்டுதல் செய்வது அவ்வூர்ப் பள்ளிவாசலின் வழக்கம். பதினெட்டு ஆண்டுகளாக அங்கே கதீபாக இருந்தவர், இளமையில் மூட்டை சுமந்து தோள் காய்த்துப்போன மீராசாஹிப். அவர் மகள் மர்லியாவின் கணவன் நுஹ்மானோ ஹஜ்ஜுக்கென மக்கா சென்றவன். அந்நாடு துருக்கியர் கையிலிருந்தமையால், போர் மூண்டதும் கப்பல் நின்று, அவன் அக்கரையிற் சிக்கிக்கொண்டான். தெருவில் வண்டி கடகடக்கும்போதெல்லாம் மர்லியா அடுப்பை விட்டுக் கதவுவரை வந்து, வந்தவழியே திரும்புவாள்.

தொழுகைக்கு முன் பள்ளிவாசற் பொறுப்பாளர் சாலி வீடு தேடி வந்தார்.

"மச்சான், இண்டைக்கு அந்தப் பேரச் சொல்ல வேணாம். வெள்ளக்காரன்ட ஆட்சியில கட வெச்சிட்டு அவன்ட எதிரிக்கு துஆக் கேக்க ஏலுமா?"

"வெள்ளக்காரன்ட தோட்டத்துக்கு அரிசி போடுற உங்கட பயம் பேசுது, மச்சான்."

"பயந்தான். உங்களுக்கு இல்லயா?"

"குடுத்த வாக்க முறிக்கிறது எங்கட மார்க்கத்தில இல்ல. இந்த ஆட்சிக்கு அடங்கி இருக்கிறதும் ஒரு வாக்குத்தான். அதுவும் எனக்குத் தெரியும்" என்றார் மீராசாஹிப்.

உள்ளிருந்து மர்லியா கேட்டாள்: "பேர விட்டா, அவர் இருக்கிற மண்ணுக்கு ஆரு வாப்பா துஆக் கேக்கிற? அந்த சுல்தானும் சண்டைக்கு எறங்கக்கொள்ள ஹஜ்ஜுக்கு வந்தவங்கள நெனச்சாரா?"

தொழுகைக்கு அழைப்பு ஒலிக்க, ஆடவர் இருவரும் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டனர்.

உரை அந்த இடத்தை எட்டியபோது மீராசாஹிப்பின் நா நின்றது. பெயர் வரவில்லை, அம்மேடையில் அதுவரை ஒருவரும் பேசியறியாத தமிழ் வந்தது.

"யா அல்லாஹ், ராசாமாருட சண்டையில கடல் மூடிக் கிடக்கு. உன்ட வீட்டுக்கு வந்த ஏழைகள அவங்கட வீடு சேத்து வை."

வரிசையாய் அமர்ந்திருந்தோர் திகைத்தனர். பின்பு மழையிறங்கும் ஓசைபோல் "ஆமீன்" எழுந்தது. பள்ளிவாசலை ஒட்டிய வீட்டில், சுவருக்கு அப்பால், முக்காட்டை வாயிற் பொத்தி அமர்ந்திருந்த மர்லியாவும் அதைச் சொன்னாள்.

வெளியே வந்ததும் சாலி முகஞ்சுளித்தார். "பேர விட்டீங்க, நல்லம். தமிழ எதுக்கு ஏத்தின? தொழுக கூடுமா, செல்லுமா?"

"பதினெட்டு வருசம் அரபில கேட்டேன், மச்சான். என்ன கேக்கிறேன் எண்டு இண்டைக்குத்தான் நெஞ்சுக்கு வெளங்கிச்சு."

எவரைப் பகைப்பதென அரசுகள் கூடிப் பேசும். அப்பகையின் நடுவே வழியில் நிற்பவர் யாரென எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வாரம் கப்பல் வரவில்லை. வியாழன் மாலை, சோறு பரிமாறிய மர்லியா தலை நிமிராமற் சொன்னாள்: "நாளைக்கும் தமிழ்லயே கேளுங்க, வாப்பா."

போர் என்று முடியுமென்பதை மன்னர் அறிந்திருக்கலாம். காத்திருப்போர் அறிந்ததெல்லாம் அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றே.