தடியனின் ரத்தம்

அந்தப் பிராணிகள் ஆஸ்பத்திரியில் நாய்களைக் குளிப்பாட்டுகிற அறையில் பதினோரு வருஷம் நின்றதில் அவளுடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். டாக்டருக்கு அவள் சோப்பு. சின்னவர்களுக்குச் சோப்பக்கா.

குளிப்பாட்டுவதற்காக அவள் அங்கே வரவில்லை. பள்ளியில் உயிரியல் பாடத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பம் போட வேண்டுமென்றால், ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் கூட இருந்து வேலை பார்த்ததாகச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் டாக்டரிடம் வந்து சேர்ந்தாள். நான்காவது மாதம் அப்பா படுத்துவிட்டார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

டாக்டர் நல்ல மனுஷர். "குளிப்பாட்டுற வேலைக்குச் சம்பளம் உண்டும்மா. இப்போதைக்கு அதப் பாரு. அப்பா எந்திரிச்சதும் மிச்ச ரெண்டு மாசத்த முடிச்சுக்கலாம்" என்றார்.

அப்பா எழுந்திருக்கவே இல்லை.

கல்யாணமான வருஷம், ஆஸ்பத்திரி வாசலில் யாரோ அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போன குட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போனாள். அவள் புருஷன் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவன். குட்டிக்குத் தடியன் என்று பெயர் வைத்தவன் அவன்தான். பெயருக்குத் துரோகம் செய்யாமல் அது முப்பத்திரண்டு கிலோவுக்கு வளர்ந்தது. "இவன் தின்னது போக மிச்சம்தான் நமக்கு" என்று அலுத்துக்கொண்டே தன் தட்டில் பாதியை அதன் பக்கம் தள்ளுவான். தடியனுக்கு ஒரு பழக்கம். பக்கத்தில் யார் நின்றாலும் தன் இடது முன்னங்காலைத் தூக்கி அவர்கள் பாதத்தின் மேல் வைத்துக்கொள்வான். வைத்துவிட்டு எங்கேயோ பார்ப்பான்.

ஊர் மேட்டிலிருந்த பணக்கார வீட்டு நாய் பிரின்ஸுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தம் வற்றிப்போனபோது டாக்டர் குளியலறைக்கே வந்தார்.

"சோப்பு, உன் நாய் எத்தன கிலோ?"

"முப்பத்திரண்டு சார்."

"கொஞ்சம் ரத்தம் வேணும். அவனுக்குத் தடுப்பூசியெல்லாம் இனிமே நான் பாத்துக்கறேன்."

தடியனை யாரும் பிடித்து அமுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு கொடுத்தான். இரண்டு நாய்களின் ரத்தமும் ஒன்றோடொன்று பொருந்திச் சேர்ந்தது. மூன்றாம் நாள் பிரின்ஸ் எழுந்து நின்றான். பள்ளியில் படிக்கிற அந்த வீட்டுப் பெண் சோப்புவைக் கட்டிக்கொண்டு, "அக்கா, நானும் டாக்டருக்குத்தான் படிக்கப்போறேன்" என்று அழுதாள்.

ஒரு வருஷம் கழித்து அதே காய்ச்சல் தடியனுக்கு வந்தது. காய்ச்சலில் பிழைத்த பிறகு பிரின்ஸுக்கு உண்ணி வராமலிருக்க மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை. தடியனுக்கு உண்ணி பொறுக்க அவளுடைய விரல்கள்தான். பொறுக்கியதில் ஒன்றிரண்டு தப்பியிருக்கும். ஈறு வெளுத்ததைப் பார்த்ததுமே, பரிசோதனைக்கு முன்பே, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பிரின்ஸோட ரத்தம் சேரும்ல சார். அவன்கிட்ட எடுக்கலாமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு தடவ ரத்தம் ஏத்துன நாய்கிட்ட எடுக்கக் கூடாதும்மா. உனக்கே தெரியும்."

தெரியும். அந்த நான்கு மாதத்தில் அவரே சொல்லிக்கொடுத்ததுதான். தெரிந்தும் கேட்டாள்.

டாக்டர் பெரிய நாய் வளர்க்கிற நான்கு வீடுகளுக்குப் போன் செய்தார். ஒரு நாய் அடுத்த வாரம் கண்காட்சிக்குப் போகிறது. இன்னொரு நாயின் எஜமான் வெளிநாட்டில் இருக்கிறார். ஒரு வீட்டில் போனை எடுக்கவில்லை. கடைசி வீட்டு அம்மா, "பாவந்தான் டாக்டர். ஆனா எங்க புள்ளைக்கு ஊசின்னாலே ஆகாது" என்றார். மறுநாள் காலையில் டாக்டர் தன் செலவிலேயே பெரிய நகரத்து ரத்த வங்கிக்குச் சொல்லி அனுப்பினார். மேட்டு வீட்டு நாயாக இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

ரத்தம் வந்து சேருமுன், பகல் இரண்டு மணிக்கு, குளியலறைத் துண்டின் மேல் தடியன் இறந்தான். நான்கு மணிக்கு முன்பதிவு செய்திருந்த நாயை அவள் குளிப்பாட்டினாள்.

இரண்டு வாரம் கழித்துப் பிரின்ஸ் வந்தான். அவள் குனிந்து தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாதத்தில் ஏதோ கனத்தது. பிரின்ஸின் இடது முன்னங்கால். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்பும் இப்படிச் செய்திருக்கிறானா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஏற்றிய ரத்தம் மூன்று நான்கு மாதத்தில் அழிந்துவிடும், தடியனுடையது ஒரு சொட்டுகூட அந்த உடம்பில் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். மூளைக்குத் தெரிந்தது பாதத்துக்குத் தெரியவில்லை.

புருஷனிடம் சொன்னாள். அவன் ஒரு சட்டையை முழுக்கத் தேய்த்து முடித்தான்.

"எந்தக் கால்?"

"இடது."

"இனிமே இத எங்கிட்ட சொல்லாத."

ஆனால் பிரின்ஸ் அடுத்த முறை குளிக்க வந்தபோது புருஷன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். கார்க் கதவு திறந்ததும், "தடியா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். பிரின்ஸ் திரும்பிப் பார்த்தான். எந்த நாயும் குரல் கேட்டால் திரும்பும்தான். புருஷன் அப்புறம் ஒரு நிமிஷமும் நிற்காமல் போய்விட்டான்.

ஆறு மாதம் கழித்து மேட்டு வீட்டுப் பெண் விண்ணப்பத்தோடு வந்தாள். அந்த ஆறு மாதமும் வீட்டில் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் வந்து நின்றிருந்தாள். டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பெண் குளியலறைக்கு வந்து வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, விண்ணப்பத்தோட நான் பிரின்ஸ் பொழச்ச கதையையும் எழுதித் தரணும். ரத்தம் குடுத்தவன் பேரு என்ன?"

"தடியன்."

சிரித்துக்கொண்டே எழுதினாள். "இப்ப எப்படி இருக்கான்?"

"செத்துட்டான்மா. அதே காய்ச்சல்."

பேனா நின்றது. அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. "எங்ககிட்ட ஏங்க்கா சொல்லல? அப்பா அன்னைக்கே எங்கிருந்தாச்சும் வரவழைச்சிருப்பாரே."

பிரின்ஸின் ரத்தத்தை டாக்டரிடம் கேட்ட சோப்புவுக்கு, அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று அன்று தோன்றவே இல்லை. தட்டியிருந்தால் திறந்திருப்பார்களோ என்னவோ. இனிமேல் அது தெரியப்போவதில்லை.

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அவன் செத்ததையும் எழுதலாமாக்கா?"

"எழுதும்மா."

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அவள் படிக்கப் போய்விட்டாள். பிரின்ஸ் டிரைவரோடு வந்துகொண்டிருந்தான்.

"இவன மட்டும் வேற யாராச்சும் குளிப்பாட்டட்டும் சார்" என்று ஒருநாள் டாக்டரிடம் கேட்டாள். அவர் காரணம் கேட்கவில்லை. புதிதாக ஒருத்தியை அமர்த்தினார்.

முதல் நாளே அந்தப் புதியவள் சோப்புவைத் தேடிப் பின்கட்டுக்கு வந்தாள். "அக்கா, பிரின்ஸ் நிக்கவே மாட்டேங்கிறான். கதவப் போய்ப் போய்ப் பிறாண்டுறான்."

"தண்ணி ஆறிப்போயிருக்கும். கொஞ்சம் சூடு வை."

அவள் போனபிறகும் கதவைப் பிறாண்டுகிற சத்தம் பின்கட்டுவரை கேட்டது. சோப்பு அங்கிருந்த குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, ஏற்கெனவே துவைத்து மடித்து வைத்திருந்த துண்டுகளை எடுத்துப் பிரித்து மறுபடியும் துவைக்க ஆரம்பித்தாள்.