உட்காரச் சொல்லும் விதம்

இருதயராஜ் வீட்டில் தோட்டாவுக்குள் குண்டை அழுத்திப் பொருத்த வேண்டியதில்லை. சொன்னால் உட்கார்ந்துகொள்ளும். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி, வெடிமருந்திட்டு, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குண்டை வைத்துச் சொல்லிவிடுவார்.

ஆனால் அவை ஒரே ஆழத்தில் உட்கார மறுத்தன. ஒன்று உச்சந்தலை மட்டும் தெரிய உள்ளே போய்விடும். இன்னொன்று பாதி வெளியே இருக்கும். ஆழம் மாறினால் குறி தவறும். மறுநாள் ரைபிள் கிளப்பில் அணிக்குத் தேர்வு. மிச்சம் ஓரிடம். அதற்கு அவரும், மனைவியின் அண்ணன் சூசைமாணிக்கமும் போட்டி.

மனைவி பிலோமினா மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ண உக்காருங்கன்றீங்க, இன்னொண்ண உக்காருடான்றீங்க. எப்படிச் சமமா உக்காரும்?"

சரிதான். 'ங்க' போட்டவை, சம்பந்தி வீட்டு நாற்காலியில் உட்கார்வதுபோல நுனியில் இருந்தன. 'டா' போட்டவை அடியில் போய் முகத்தைத் தூக்கிவைத்திருந்தன. எல்லாவற்றையும் எழுப்பி, ஒரே குரலில், "உக்காருப்பா" என்றார். அளந்து பார்த்தார். மயிரிழை வித்தியாசமில்லை.

அந்த நேரம் பார்த்துச் சூசைமாணிக்கம் உள்ளே வந்தார். குண்டுகள் எல்லாம் எழுந்து நின்றன.

"பரவால்லயே மாப்ள, இந்த வீட்ல இதுங்களுக்காவது மரியாதை தெரியுது."

"உக்காருங்க மச்சான்" என்றார் இருதயராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

மச்சான் உட்கார்ந்தார். குண்டுகளும் உட்கார்ந்தன, அத்தனையும் நுனியில், ஒரே அளவில். மச்சான் எழுவதற்குள் இருதயராஜ் தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கி மூடிவிட்டார்.

மறுநாள் மச்சானின் குண்டுகள் ஆளுக்கொரு பக்கம் போய்க் குறி அட்டையைத் தொட்டன. அடுத்து இருதயராஜ். 'ங்க' போட்டு உட்காரவைத்தவற்றை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. விசையை இழுக்கும்போதெல்லாம், "போயிட்டு வாங்க" என்றார். குண்டுகள் அட்டையின் நடுவில் ஒரே ஓட்டை வழியாகப் போயின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசிக் குண்டு மட்டும் வரவில்லை.

"வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டீங்க, எல்லாம் வந்து சேர்ந்தாத்தான் மார்க்" என்றார் நடுவர்.

"வழியில எவனாவது சாப்பிட்டுப் போகச் சொல்லியிருப்பான்" என்றார் மச்சான்.

காத்திருந்தார்கள். இருதயராஜ் தொலைநோக்கியில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. வெயில் சாயும் நேரத்தில் குண்டு வந்தது. வெற்றிலை போட்டிருந்தது. நடுவர் இருதயராஜின் பெயரை அறிவித்தார்.

"என்ன சாப்பாடு?" என்று மச்சான் கேட்டார்.

"கறிசோறு" என்றது குண்டு. "பாயசம் போடல."