காதைப் பிடித்து இழுக்கும் வரிசை

நீச்சல்குளத்தின் ஈரக்கரையில் பதினோரு பிள்ளைகள் வரிசையாக நிற்க, பயிற்சி தரும் அக்கா ஒவ்வொரு காதாகப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். யாரும் தப்புச் செய்யவில்லை. இழுத்தால் வலிக்கிற காது, உள்ளே புண் பிடிக்கத் தொடங்கிய காது. அந்தக் காதோடு ஒருத்தரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது அவள் சட்டம். முகம் சுளித்தால் போச்சு. பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குக் கைதட்ட வேண்டியதுதான்.

ஏழாவதாக நின்றது, எல்லோரும் தவளை என்று கூப்பிடும் பெண். பம்ப் மெக்கானிக்கின் ஒரே மகள், பத்து வயது. போன இரண்டு போட்டியிலும் அவளுடைய இடது காது அவளை இந்த வரிசையைத் தாண்ட விடவில்லை. இது வருஷத்தின் கடைசிப் போட்டி. முதல் மூன்று பேருக்குத்தான் பெரிய அணியில் இடம்.

மெக்கானிக் வெளியே கம்பிவலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார். ஓடுகிற மோட்டாரைக் கட்டிப் பிடித்ததுபோல் உடம்பு அதிர்ந்தது.

"ஏங்க, வலையப் பிச்சிடாதீங்க. அப்புறம் நீங்கதான் வந்து வெல்டிங் வச்சு ஒட்டணும்" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு தடவையும் அந்தக் காதைக் கெடுத்தது அவரேதான்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதில் ஸ்பானர் பிடித்த கை அது. அழுக்கு அடைத்தால் எதுவும் ஓடாது, அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு. மகள் குளத்திலிருந்து வந்ததும் மடியில் சாய்த்துப் போட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் இரண்டு காதையும் குடைந்து பளபளவென்று ஆக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். பஞ்சில் மஞ்சளாக ஏதாவது ஒட்டி வந்தால் பெருமை வேறு. "பாத்தியா, எவ்ளோ அழுக்குன்னு" என்று மனைவியிடம் நீட்டுவார். "கருமம், திங்கிற நேரத்துல" என்று அவள் தட்டோடு எழுந்து போவாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் காது டாக்டரம்மா உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு இவ்ளோ சுத்தமா குடையறது?"

"நான்தாங்க." பாராட்டு வரப்போகிறதென்று மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"தண்ணி மோட்டார் ரிப்பேர்."

"பேரிங்ல இருக்கற கிரீஸ் மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டு மோட்டாரத் தண்ணிக்குள்ள இறக்குவீங்களா?"

 காதின் மெழுகு அழுக்கு இல்லை, அது பூச்சு. அதையும் வழித்துவிட்டு, மெல்லிய தோலிலும் கீறல் போட்டு, ஈரத்தையும் உள்ளே தங்கவிட்டால், கிருமிக்குப் பாய் விரித்துக் கொடுத்தமாதிரி. டாக்டரம்மா விரல் மடக்கி எண்ணிச் சொல்லிக்கொண்டே போனார். புண் ஆறும்வரை குளம் கிடையாது. குச்சி இனி எப்போதும் கிடையாது. குளித்து ஏறியதும் தலையைச் சாய்த்து, காதை மெல்ல இப்படியும் அப்படியும் இழுத்துத் தண்ணீரை வடிய விட வேண்டும். துண்டால் வெளியே மட்டும் ஒற்ற வேண்டும். அப்படியும் ஈரம் நின்றால் முடி உலர்த்தும் மிஷினைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடிக்கலாம்.

"கடையில விக்கிற சொட்டு மருந்து?"

"காதுச் சவ்வுல ஓட்டை இருக்கா இல்லையான்னு நான் பாக்காம எதையும் ஊத்தாதீங்க."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "நல்லவேளை, காத்தடிக்கிற கம்ப்ரசர வீட்டுக்குக் கொண்டுவரல நீங்க."

ஒருநாள் அதையும் அவர் யோசித்திருந்தார். 

இப்போது அக்காவின் கை தவளையின் இடது காதைப் பிடித்தது. போன தடவை இவள் பல்லைக் கடித்துக்கொண்டு "வலிக்கல" என்று புளுகியவள். அதனால் அக்கா வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். இழுத்தாள். கண் கலங்கவில்லை.

"போ."

மெக்கானிக் வலையை விட்டார். முதல் சுற்றில் தவளை மூன்றாவதாக வந்து இறுதிக்குத் தேறினாள். ஆனால் இறுதிக்கு முன்னால் இன்னொரு முறை காதிழுப்பு உண்டு. கரையேறியவள் தலையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

"அப்பா, உள்ள தண்ணி நிக்குது. களக் களக்குங்குது."

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பை காலி. காலையிலேயே மனைவி துழாவிக் குச்சி, சாவி, சின்ன ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"யார்கிட்டயாவது குச்சி வாங்கிக் குடைஞ்சு விடுப்பா. கூப்பிடப் போறாங்க."

"வாய மூடிட்டுச் சாயி."

வாசலில் இருந்த காவலாளி அறையில், காய்ந்த தரையில் மகளை உட்கார வைத்தார். தலையைச் சாய்த்துக் காது மடலைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. கீழே இழுத்தார். வரவில்லை. ஒலிபெருக்கி இறுதிப் போட்டிக்காரர்களை அழைத்தது. கால் பரபரத்தது, கை மட்டும் நிதானமாக இருந்தது. வெள்ளத்தில் முங்கிய மோட்டாரைக் காயவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவசரத்தில் சூட்டை ஏற்றினால் உள்ளே கம்பிச்சுருள் கருகிவிடும் என்பது அவர் கையில் ஊறிய பாடம். மடலை இன்னொரு முறை, கொஞ்சம் வளைத்து இழுத்தார்.

உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக.

"கேக்குதுப்பா. இப்ப நல்லா கேக்குது."

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த முடி உலர்த்தும் மிஷினை முதலில் தன் கன்னத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு ஒரு முழம் தள்ளி, காதுக்கு. இரண்டாவது அழைப்பு வந்ததும் மகள் பிய்த்துக்கொண்டு ஓடினாள். அக்கா இழுத்தாள், கண்ணைப் பார்த்தாள், "போ" என்றாள்.

விசில். எட்டுப் பிள்ளைகள் விழுந்த வேகத்தில் தண்ணீர் கரைமேல் ஏறி மெக்கானிக்கின் செருப்பை நனைத்தது. அவர் எப்போது வலையைத் தாண்டி உள்ளே வந்தார் என்று அவருக்கே தெரியாது. காவலாளி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்திழுத்துக்கொண்டிருந்தான். தவளை நான்காவதாகப் போனாள், திரும்பும்போது மூன்றாவது, அப்புறம் வெறும் நுரைதான் தெரிந்தது. தொண்டை கட்டும்வரை கத்தினார்.

சுவரைத் தொட்டவள் முடிவுப் பலகையைப் பார்க்கவில்லை. ஏறி வந்து, மூச்சு வாங்க வாங்க, இடது காதைச் சாய்த்து மடலை இழுத்தபடி கேட்டாள்:

"எத்தனாவதுப்பா நான்?"

அவருக்குத் தெரியவில்லை. துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வலைக்கு அப்பால் மனைவி இரண்டு விரலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

"ரெண்டாவது" என்றார், குரல் பிசிறடிக்க. "அந்தப் பக்கமும் சாயி."