கழுத்து ஒட்டாத கொக்கு

ஜேனட் தட்டுகளை மறுபடி பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா டோரா வந்து மேலே இருந்ததைப் பிடுங்கினாள்.

"எங்கடி கொண்டு போறே? இதுலதான் எல்லாருக்கும் சாப்பாடு வைக்கணும்னு உங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்கார்."

"எல்லாம் கழிச்சுப் போட்ட சரக்கும்மா. பழைய தட்டு சேர்க்கிற சங்கத்து ஆளுங்க வந்திருக்காங்க. சிரிப்பாங்க. புதைச்ச அன்னிக்கே அப்பா மானம் போகணுமா?"

அவள் பயம் வீண் இல்லை. அப்பா வில்ஃப் நாற்பது வருடம் சந்தை சந்தையாக அலைந்து சேர்த்தவை அவை. விக்டோரியா ராணி காலத்தில், இங்கிலாந்தின் பீங்கான் ஊரான இதே பர்ஸ்லெமில் சுட்டவை. மூங்கில், விசிறி, கொக்கு என்று ஜப்பான் பாணிப் படங்களைப் பழுப்பு மையில் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளை ஒட்டிப் பதித்தவை. ஆனால் ஒன்றில்கூட அச்சு ஒழுங்காகச் சேரவில்லை. மூங்கில் பாதியில் முறிந்திருக்கும். கொக்கின் கழுத்து ஒரு விரல் தள்ளிப் போயிருக்கும். பாவம், சந்தைக்காரர்கள் மனுஷனை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்றே ஜேனட் நினைத்திருந்தாள்.

அம்மா கேட்கவில்லை. வந்தவர்கள் கைக்குத் தட்டுகள் போய்ச் சேர்ந்தன. பர்ஸ்லெம்காரர்களாயிற்றே! துக்க வீடானாலும், அடியில் எந்தப் பட்டறை முத்திரை என்று கவிழ்த்துப் பார்க்காமல் அவர்களுக்கு ரொட்டி இறங்காது. சங்கத் தலைவர் பீச் கவிழ்த்தார், நிமிர்த்தினார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"டோரா, நல்ல தட்டு கையில கிடைச்சாலும் வில்ஃப் திரும்ப வச்சிட்டுப் போயிடுவான். இந்த மாதிரிதான் எடுப்பான். கேட்டா சிரிப்பான். ஏன்?"

அம்மா தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பதினாலு வயசுல பட்டறையில அச்சுத்தாள் ஒட்டப் போனேன். முதல் நாளே கொக்கோட கழுத்தைக் கோணலா ஒட்டிட்டேன். மேஸ்திரி அத்தனை பேர் முன்னாடி திட்டினான். அழுதுட்டு நின்னேன். சூளைக்குத் தட்டு சுமக்க வந்த இவர், 'அழாதே, கொக்கு என்னைத் திரும்பிப் பார்க்குது, அவ்வளவுதான்'னார்." அம்மா மேசையில் இருந்த தட்டைத் தடவினாள். "இது ஒவ்வொண்ணுலயும் ஒரு பொண்ணோட கை தெரியுதும்பார். எந்தப் பொண்ணு அழுதாளோம்பார்."

"முப்பது வருஷம் கூடவே அலைஞ்சேன், ஒரு வார்த்தை சொல்லலியே. என்னா மனுஷன், கண்ணு!" என்றார் பீச், ஜேனட்டைப் பார்த்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜேனட்டுக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று அழுகையும் வந்தது.

பெட்டியில் மிச்சமிருந்த தட்டுகளையும் எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தாள். தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டு, கொக்கின் கழுத்து மறையாதபடி ரொட்டித் துண்டை ஓரமாக வைத்தாள்.