வெட்டிய ஓரம்

அடித்துணியின் ஓரத்தைக் காணோம்.

நான்கு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் நீட்டி விட்டிருந்தாள் பெரியவள். ஒட்டுத்துணிப் போர்வைக்கு அவள் ஓரம் கட்டும் விதமே அதுதான். அடியில் இருக்கும் துணியைப் பஞ்சுக்கு மேலாக மடித்து முன்பக்கம் கொண்டுவந்து தைத்துவிடுவாள். தனியாகப் பட்டை வேண்டாம். ஏழு மாத வேலையில் அந்த மடிப்பு ஒன்றுதான் பாக்கி. இப்போது மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் ஒரே மட்டமாகக் கத்தரிக்கப்பட்டு, நாலா பக்கமும் பஞ்சு பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

மாலை நான்கு மணிக்கு மகள் வண்டி ஏறுகிறாள். குளிர் ஊர், இரண்டு வருடப் படிப்பு. 'உன்னை விட்டு எப்படி இருப்பேன்' என்றெல்லாம் வாய்திறந்து சொல்லத் தெரியாதவள் பெரியவள். சொல்ல வேண்டியதை எல்லாம் ஏழு மாதமாக இந்தப் போர்வையில்தான் தைத்து வைத்திருந்தாள்.

போர்வையின் மேல் கிடந்த கத்தரிக்கோல் ஓரகத்தி சின்னவளுடையது. போதாதா? எது தொங்கினாலும் நறுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள் அந்த மகராசி. காலண்டர் தாளின் ஓரத்தைக்கூட நேராக்குகிறவள்.

"யார் உன்னை இதுல கை வைக்கச் சொன்னது?"

அடுப்படியிலிருந்து வந்த சின்னவள் போர்வையைப் பார்த்தாள். பெரியவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"ஆனது ஆச்சு. இப்ப என்ன பண்ணலாம்னு பாருங்கக்கா."

"ஆனது ஆச்சா! என் உயிரை வெட்டிப் போட்டுட்டு ஆனது ஆச்சுங்கிறே! முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன் வாயிலேருந்து முத்து உதிர்ந்திடுமா?"

பெரியவளுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பதினெட்டு வருடக் கணக்கை எல்லாம் இழுத்துப் போட்டுப் பொரிந்து தள்ளினாள். வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்றாள். பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளையை அனுப்பும் அருமை எப்படித் தெரியும் என்றும் கேட்டுவிட்டாள். அதைக் கேட்டபோது மட்டும் சின்னவளின் முகம் சுண்டிப்போனது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அதில் பெரியவளுக்கு இன்னும் எரிந்தது.

தனிப்பட்டை தைக்க எட்டரை கெஜ நீளத்துக்குத் துணி வேண்டும். சின்னவளின் அறை ஜன்னலில் புதுத் திரைச்சீலை தொங்கியது. நல்ல கனமான நீலப் பருத்தி. ஒரு மாதம் கடை கடையாய் அலைந்து எடுத்தது. பெரியவள் நேராகப் போய் அதை உருவினாள்.

"அம்மா, வேணாம்மா!" மகள் ஓடிவந்தாள். "நான் சொல்றதை ஒரு நிமிஷம்..."

"நீ சும்மா இரு! வெட்டினவளே ஈடு கொடுக்கட்டும்."

மகள் மூலையில் போய் உட்கார்ந்தாள்.

திரைச்சீலையில் நீளவாக்கில் ஆறு பட்டைகள் கிழித்தாள். முனைகளைச் சாய்வாக இணைத்து, இரண்டாக மடித்துத் தேய்த்து, மிஷினில் ஓட்டினாள். மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் தையலை நிறுத்தி, பட்டையை மேலே மடித்து, கீழே இறக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் மூலை மொட்டையாகிவிடும். முதல் மூலையை இரண்டு தடவை பிரித்தாள். இரண்டு தடவையும் திட்டு சின்னவளுக்குத்தான். பிறகு போர்வையைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் கையால் மடித்துத் தைக்க உட்கார்ந்தாள். மதியம் சாப்பிடவில்லை. ஊசி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் ஓடியது. கேட்காமலே சின்னவள் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். பெரியவள் முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். மகள் மூலையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். பிரிவு, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் பெரியவள்.

மூன்றே முக்காலுக்குக் கடைசி முடிச்சு விழுந்தது. வாசலில் வண்டி நின்றது. மகள் போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்றாள். பிறகு சித்தியைக் கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. வண்டிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

வண்டி தெருமுனை திரும்பியதும் பெரியவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "ஒரு மன்னிப்பாவது கேட்டியா நீ?"

"வெட்டினது நான் இல்ல."

"பின்னே? பேய் வந்து வெட்டுச்சா?"

"உங்க பொண்ணு." சின்னவள் பெரியவளை நேருக்கு நேர் பார்த்தாள். "ஓரம் கட்டுறதுக்கு முன்னாடி சுத்தி வெட்டி மட்டமாக்கணும்னு ஏதோ வீடியோவில பாத்திருக்கா. அம்மாவுக்கு ஒரு வேலை குறையட்டும்னு விடியக்காலையில எழுந்து என் கத்தரிக்கோலை எடுத்து வெட்டியிருக்கா. அப்புறம் போன வருஷம் நீங்க தச்ச போர்வையை எடுத்து, அடித்துணியையே மடிச்சு ஓரம் கட்டியிருக்கிறதைப் பாத்துட்டு, என்கிட்ட ஓடிவந்து அழுதா. 'அம்மா திட்டித்தான் அனுப்புவாங்க சித்தி, சொல்லிடாதீங்க'ன்னா."

பெரியவள் வண்டி போன தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளை இல்லாதவன்னு சொன்னீங்களே, அதை நான் மறக்கமாட்டேன். ஆனா அது என் பாடு. பெத்த பொண்ணு உங்களுக்குப் பயந்துக்கிட்டே ஊருக்குப் போறா. அதாவது உங்களுக்குத் தெரியட்டும்."

சின்னவள் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

பெரியவள் வாசலிலேயே நின்றாள். யார் மேல் கோபப்படுவது என்று ஒரு கணம் தேடினாள். தன்னைத் தவிர ஆள் அகப்படவில்லை. போனை எடுத்தாள். திட்டமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமலே எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே மகள் எடுத்தாள்.

"என்னம்மா? நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்?"